‘ஒரு பக்கம் மட்டும் ஏறலண்ணா’: பட்ஸ் சார்ஜ் கோளாறு, அறிகுறி வாரியாக

கடலூர் திருப்பாப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஆறடிக்கு எட்டடி கடை. போன் டிஸ்ப்ளே மாற்றித் தரப்படும் என்று போர்டு சொல்லும். ஆனால் இந்த மூன்று நான்கு வருடமாக என் மேஜைக்கு அதிகம் வருவது பாட்டு கேட்கக் காதில் செருகும் ஒயர் இல்லாத பட்ஸ்தான். ‘பேட்டரி போயிடுச்சு, மாத்திக் குடுங்கண்ணா’ என்று சொல்லியே நீட்டுவார்கள். பார்த்தால் பாதிக்கு மேல் பேட்டரி நன்றாகவே இருக்கும். கெட்டது வேறொன்று: ஒயர், ஓட்டையில் அடைத்த பஞ்சு, பின்னில் பூத்த உப்பு. நம் ஊர் கடல்காற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வில்லன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு பேட்டரி இல்லை, மூன்று. பட்ஸை வைத்து மூடுகிற டப்பாவான கேஸில் ஒன்று, இரண்டு பட்ஸில் ஒவ்வொன்று. பிளக்கிலிருந்து காது வரைக்கும் மின்சாரம் இரண்டு இடத்தில் கை மாறுகிறது. ஒயரிலிருந்து கேஸுக்கு ஒரு முறை, கேஸின் குழிக்குள் நிற்கிற உலோகப் பின்னிலிருந்து பட்ஸுக்கு ஒரு முறை. எந்தக் கைமாற்றலில் தடை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள லைட்டைப் பார்த்தாலே போதும்.

ஒயரைச் செருகினால் கேஸில் லைட்டே வரவில்லை

முதலில் ஒயரை மாற்றுங்கள். ‘நல்ல ஒயர்தாண்ணா, போனுக்கு ஏறுதே’ என்பீர்கள். போனுக்கு ஏறுகிற ஒயரில் பட்ஸ் ஏறாமல் போவது எனக்குத் தினசரிக் காட்சி.

இப்போது வரும் போன் ஒயர்கள் பலவற்றில் இரண்டு முனையும் டைப்-சி. இப்படிப்பட்ட ஒயரில் சார்ஜர் எடுத்த எடுப்பிலேயே கரண்ட் விடாது. அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கதவைத் தட்டிப் பார்க்கும். கேஸின் ஓட்டைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். பிறகுதான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். விலை குறைந்த பட்ஸ் பலவற்றில் அந்த ரெசிஸ்டர்களை வைப்பதே இல்லை. கடுகைவிடச் சின்ன சாமான், அதில் மிச்சம் பிடிப்பது சில பைசா. சார்ஜர் தட்டிக்கொண்டே இருக்கும், கேஸ் வாயைத் திறக்காது. பெட்டியோடு வரும் சாண் நீள ஒயரில் ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி.யாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த முனையில் தட்டுகிற வேலையெல்லாம் கிடையாது, 5 வோல்ட் எப்போதும் ஓடும். அதனால் அந்தக் குட்டி ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாண்டிச்சேரியில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், லேப்டாப்போடு வந்த 65 வாட் சார்ஜரில் பட்ஸைப் போட்டுவிட்டுக் கலங்கிப்போய் வந்தார். ‘அண்ணா, பெரிய சார்ஜர்ல போட்டு எரிச்சுட்டேன் போல.’ என் மேஜையில் கிடந்த அழுக்கு ஒயரைச் செருகினேன். சிவப்பு லைட் வந்தது. எரியவும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் டைப்-சி ஒயர், அவ்வளவுதான். வாட் அதிகம் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஒழுங்கான சார்ஜர் 5 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும். எதிரில் இருக்கும் சாதனம் கேட்டால்தான் ஏற்றும், பட்ஸ் கேஸ் கேட்கப்போவதில்லை. பயப்பட வேண்டியது பெயர் ஊர் தெரியாத, கையில் எடுத்தால் காகிதம்போல் லேசாக இருக்கிற சார்ஜருக்குத்தான்.

வேறு சார்ஜர் கையில் இல்லையென்றால் டி.வி.க்குப் பின்னால் யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கும். அதில் செருகிப் பாருங்கள். அரை ஆம்பியர் கிடைத்தாலே பட்ஸ் கேஸுக்குத் தாராளம்.

ஒயர் மாற்றியும் லைட் வரவில்லையா? போன் டார்ச்சை அடித்து கேஸின் சார்ஜ் ஓட்டைக்குள் பாருங்கள். ஜீன்ஸ் பாக்கெட்டில் குடியிருக்கும் கேஸ் என்றால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு அமுங்கி உட்கார்ந்திருக்கும். ஒயரின் முனை கழுத்து வரை உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பல் குத்தும் மரக்குச்சியின் நுனியைச் சீவி, ஓரமாக விட்டு மெல்ல நெம்பி எடுங்கள். நடுவில் ஒரு நாக்கு இருக்கும், அதன்மேல் அழுத்தக் கூடாது. ஊக்கு, ஊசி, சிம் குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஊக்கால் நோண்டி நாக்கை உடைத்துக்கொண்டு வந்தவர்களின் கேஸ்கள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன, உதிரி பாகத்துக்கு ஆகும்.

அடுத்தது, பீரோவில் தூங்கிய கேஸ். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்தால் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். லித்தியம் பேட்டரி 3 வோல்ட் அளவுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜ் செய்கிற ஐ.சி. சில்லு முழு வேகத்தில் கரண்ட் விடாது, சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அந்த நேரத்தில் சில கேஸ்களில் லைட்கூட வராது. என் கடையில் யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்று உண்டு, ஒயருக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகுவது. நல்ல கேஸ் என்றால் 0.30 ஆம்பியர் போலக் காட்டும். அடிமட்டத்தில் கிடப்பது 0.02, 0.03 என்று இழுக்கும். 0.00 என்றால் உள்ளே எதுவும் போகவில்லை. மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் லைட் வராத கேஸ் பெரும்பாலும் தானாக எழாது. 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு ‘உயிர் கொடுக்கிற’ வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்த வேலை வேண்டவே வேண்டாம், லித்தியம் பேட்டரி புகைந்தால் நம்மிடம் அனுமதி கேட்காது.

பவர் பேங்கில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது, சுவர் சார்ஜரில் ஏறுகிறது என்றால் பட்ஸில் குறையே இல்லை. பவர் பேங்க் மிகக் குறைந்த கரண்டைப் பார்த்ததும் ‘போன் எடுத்துட்டாங்க’ என்று நினைத்து அணைந்துவிடும். பட்ஸ் கேஸ் நிறைகிற நேரத்தில் இழுப்பது அவ்வளவு கொஞ்சம். சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் குறைந்த கரண்டுக்கென்றே இருக்கிற மோடுக்குப் போகும். இல்லையென்றால் அதே பவர் பேங்கில் போனையும் கூடவே போடுங்கள், அணையாது.

ஆட்டினால் லைட் வருகிறது, விட்டால் போகிறது

ஓட்டையின் ஈயப் பற்று விட்டிருக்கிறது. ஒயரைத் திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாமல் இருப்பதும் இதே ரகம், அல்லது உள்ளே ஒரு பின் நசுங்கியிருக்கிறது. ரப்பர் பேண்ட் சுற்றி, மேலே செங்கல் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லூசான இடத்தில்தான் சூடு ஏறும், அதனால் ராத்திரியில் இப்படி விட்டுத் தூங்காதீர்கள். ஓட்டையை மாற்றலாம், அரை மணி வேலை. வயர்லெஸ் பேடில் ஏறுகிற கேஸ் என்றால் மாற்றாமலேயே காலத்தைத் தள்ளலாம்.

ஒரு பக்கம் மட்டும் ஏறவில்லை

வருகிற பத்து பேரில் ஆறு ஏழு பேர் சொல்வது இதுதான். இடது சைபர், வலது நூறு, அல்லது மாற்றி.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஏறாத பட்ஸைக் கேஸில் உட்கார வைத்து, மூடியைத் திறந்தபடி விரலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது லைட் வந்து, விரலை எடுத்தால் அணைகிறதா? பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்ஸ் சரியாக உட்காரவில்லை, அல்லது தொடும் புள்ளியில் அழுக்கு.

உட்காராததற்கு முக்கியக் காரணம் காது ரப்பர். தொலைந்துபோன ரப்பருக்குப் பதில் வேறு எதையோ மாட்டியிருப்பார்கள். அது ஒரு சுற்று பெரிதாக இருந்தாலும் பட்ஸ் குழியில் தூக்கிக்கொண்டு நிற்கும். ரப்பரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள், பதில் அங்கேயே கிடைக்கும். பட்ஸுக்குச் சட்டை மாதிரி சிலிக்கான் உறை போட்டவர்களுக்கும் இதே கதை.

இனி அழுக்கு. தேவனாம்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன், சில்வர் பீச்சில் தினமும் ஓடுகிறவன், போன கோடையில் வந்தான். ‘ஒரு பக்கம் மட்டும் ஏறலண்ணா. வாங்கி எட்டு மாசம்தான்.’ லென்ஸுக்குக் கீழே வைத்தேன். பட்ஸின் தண்டில் இரண்டு தங்கப் புள்ளிகள் இருக்க வேண்டும். ஒன்று மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. மற்றொன்று ஓரத்தில் பச்சை பூத்து, நடுவில் கருத்து, சுட்ட அப்பளத்தின் கொப்புளம்போல் இருந்தது. கேஸின் குழியைப் பார்த்தேன். இரண்டு பின்னில் ஒன்று மட்டும் கருப்பு. அவனிடம் லென்ஸைக் கொடுத்தேன். ‘ஐயோ, துரு புடிச்சிருக்கு’ என்றான். இரும்பில்லாத இடத்தில் துரு ஏது, அது செம்பு அரித்த பாசி. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை, வேலை அதேதான்.

ஏன் ஒரு பின் மட்டும் என்று கேட்டான். நல்ல கேள்வி. வியர்வை என்பது உப்புத் தண்ணீர். ஓடி முடித்த ஈரத்தோடு பட்ஸைக் கேஸில் வைத்து மூடினால் பின்னும் புள்ளியும் உப்புத் தண்ணீரில் நனைந்தபடி நிற்கும். அதே நேரம் கேஸ் கரண்ட் விடும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடினால் பிளஸ் பக்கத்து உலோகம் கரைய ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்பு என்று படித்தோமே, அதை அவன் தினமும் டப்பாவுக்குள் செய்துகொண்டிருந்தான். மேலே பூசிய தங்கம் மெல்லியது, அதில் ஒரு பொத்தல் விழுந்தால் அடியில் இருக்கும் உலோகம் போய்க்கொண்டே இருக்கும். கடற்கரை ஊரில் காற்றிலேயே உப்பு இருப்பதால் சீக்கிரம் நடக்கிறது. ஜன்னல் கம்பியே இரண்டு மழைக்குத் தாங்காத தெருவில் இந்தப் புள்ளி எம்மாத்திரம்.

துடைக்கும் முறை இது. ஐ.பி.ஏ. என்று கேளுங்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். போன் உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும், சில மருந்துக் கடைகளிலும் வைத்திருப்பார்கள். கேஸைச் சார்ஜிலிருந்து எடுத்துவிட்டு, காது குடைகிற பஞ்சுக் குச்சியை அதில் தொட்டு, பிழிந்து, புள்ளியின்மேல் வட்டமாகத் துடையுங்கள். அதையும் பட்ஸ் என்கிறோம், இதையும் பட்ஸ் என்கிறோம். ‘பட்ஸால பட்ஸைத் தொடைங்க’ என்று போனில் சொல்லி ஒரு அக்காவைக் குழப்பியிருக்கிறேன். பஞ்சு கருப்பாகும். கருப்பு வராத வரைக்கும் குச்சியை மாற்றிக்கொண்டே துடையுங்கள். ஊற்றக் கூடாது. ஸ்பீக்கர் வலைப் பக்கம் போகவே கூடாது.

பஞ்சுக்கு மசியாத பாசி என்றால் பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரின் மூலையால் நாலு முறை தேய்த்துவிட்டு மறுபடி ஐ.பி.ஏ. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். தேய்த்த அன்றைக்குப் பளபளக்கும், சார்ஜும் ஏறும். ஆனால் தங்கப் பூச்சு மொத்தமாகப் போய்விடும், அடுத்த வாரமே பச்சை திரும்பி வரும். கை கழுவுகிற சானிடைசர் ஜெல்லும் வேண்டாம், காய்ந்த பிறகு பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும். சென்ட், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரிப்படாது.

பட்ஸைத் துடைத்தவர்கள் பெரும்பாலும் கேஸின் பின்னை மறந்துவிடுகிறார்கள். அது குழியின் அடியில், ஸ்பிரிங் வைத்து நிற்கிற சின்ன ஊசி. மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போய் உடனே எழும்ப வேண்டும். அழுத்தின இடத்திலேயே குந்திக்கொண்டால் ஸ்பிரிங்கில் உப்பு இறுகியிருக்கிறது. குச்சி நுனியில் ஒரு சொட்டு ஐ.பி.ஏ. எடுத்து அதன்மேல் வைத்து, பத்து இருபது முறை அழுத்தி விடுங்கள். வறட் வறட் என்று ஆரம்பித்து, பிறகு இலகுவாகிவிடும். அந்த நொடி கைக்கே தெரியும். தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு இதுதான் செய்தேன். பட்ஸ் உட்கார்ந்ததும் லைட் வந்தது. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘ஓடி முடிச்சதும் சட்டையில தொடைச்சு, பத்து நிமிஷம் வெளியில வெச்சுட்டு அப்புறம் டப்பாவுல போடு தம்பி’ என்று சொல்லி அனுப்பினேன்.

உப்பு மட்டுமே எதிரி என்றும் சொல்ல மாட்டேன். தையல் கடை அக்கா ஒருவரின் பட்ஸில் பச்சையும் இல்லை, கருப்பும் இல்லை. தேங்காய் எண்ணெய்! தலையில் வழிய வைத்த எண்ணெய் காதோரம் இறங்கி, முகப் பவுடரோடு சேர்ந்து புள்ளியின்மேல் வார்னிஷ் அடித்ததுபோல் படிந்திருந்தது. எண்ணெய்க்கு மின்சாரம் கடத்துகிற பழக்கம் இல்லை. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த விபூதிப் பொட்டலத்தைக் கேஸ் இருக்கிற பாக்கெட்டிலேயே போட்டவர் ஒருவர், குழி முழுக்கத் திருநீறு. சிப்காட்டில் லேத் வேலை பார்க்கும் தம்பிக்கு வேறு தொல்லை. கேஸில் காந்தம் இருக்கிறது, அதனால்தான் பட்ஸ் ‘டக்’கென்று உட்காருகிறது. அந்தக் காந்தம் இரும்புப் பொடியையும் விடாது. அதற்கு ஐ.பி.ஏ. உதவாது. செல்லோ டேப்பை உருட்டி, பிசின் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

துடைத்த பிறகும் உடனே லைட் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். பல நாள் ஏறாமல் கிடந்த பட்ஸின் பேட்டரியும் அடிமட்டத்தில் இருக்கும். கேஸைச் சார்ஜில் போட்டு, பட்ஸை உள்ளே வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்னில் தொட்டு வோல்ட் வரவில்லை என்றதும் கேஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பட்ஸ் உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே கரண்ட் விடுகிற கேஸ்கள் உண்டு. நல்ல பக்கத்துப் பின்னிலும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேஸில் போட்டு மூடியும் பட்ஸ் போனிலேயே இணைந்திருக்கிறது

‘பேசிக்கிட்டு இருக்கும்போது சத்தம் கேக்கலன்னு பாத்தா, டப்பாவுக்குள்ள பேசிக்கிட்டிருக்காங்க’ என்பார்கள். பின் தொட்டால்தான் பட்ஸ் தான் வீடு வந்து சேர்ந்ததைத் தெரிந்துகொண்டு அணையும். அணையவில்லை என்றால் பின் தொடவில்லை. மேலே சொன்ன துடைப்புதான் மருந்து. எதையும் துடைக்காமல் ரீசெட் மட்டும் நாலு முறை செய்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். பின் தொடாத பட்ஸுக்கு ரீசெட் செய்வது, பூட்டின வீட்டு வாசலில் நின்று கோலம் போடுவது மாதிரி.

கேஸ் ராத்திரியோடு காலியாகிவிடுகிறது

சாயங்காலம் நிறைத்து வைத்த கேஸ், காலையில் சிவப்பு. இரண்டு காரணங்களை அதிகம் பார்க்கிறேன். ஒன்று, பின் அரைகுறையாகத் தொடுவது. பட்ஸ் ஏறும், விடும், விழிக்கும், போனைத் தேடும், மறுபடி ஏறும். விடிய விடிய இதே கூத்து நடந்தால் கேஸில் எதுவும் மிஞ்சாது. இரண்டு, மூடி. மூடி மூடியதைக் கண்டுபிடிக்க உள்ளே காந்த உணரி ஒன்று இருக்கிறது. கீல் தளர்ந்து மூடி ஒரு நூல் தூக்கி நின்றாலும் கேஸ் திறந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மூடியதும் லைட் அணைகிறதா என்று பாருங்கள். அழுத்தினால் மட்டும் அணைந்தால் கீலைத்தான் கவனிக்க வேண்டும். தடிமனான மேலுறை போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

நூறு காட்டுகிறது, அரை மணியில் தீர்ந்துவிடுகிறது

இதுதான் உண்மையாகவே பேட்டரி. பட்ஸுக்குள் இருப்பது சட்டைப் பொத்தான் அளவு லித்தியம் பேட்டரி, 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி. கேஸில் இருப்பது 300 முதல் 600 வரை. இந்த வகை பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்று வரை நன்றாக உழைக்கும், பிறகு கொள்ளளவு சரிய ஆரம்பிக்கும். தினம் ஒரு முறை காலி செய்து நிறைப்பவருக்கு ஒன்றரை வருடத்தில் தள்ளாட்டம் தெரிவது இயற்கை. நூறு என்று காட்டுவது பொய்யும் இல்லை. பாத்திரம் சுருங்கிவிட்டது, நிரம்பியதும் நிரம்பியதுதான்.

ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தீர்ந்தால் பதற வேண்டாம். போனில் பேசும்போது மைக் வேலையை ஒரு பக்கமே செய்கிற மாடல்கள் உண்டு, அந்தப் பக்கம் முந்தித் தீரும். ஒரு பக்கமாகவே மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் அந்தப் பக்கத்துப் பேட்டரிதான் முதலில் கிழடாகும். மாற்றி மாற்றி மாட்டுங்கள். விலை குறைந்த பட்ஸ் பத்து பத்தாகத்தான் சதவீதம் சொல்லும். 20-இலிருந்து திடீரென்று 10-க்கு இறங்குவதைக் கோளாறு என்று கொண்டு வராதீர்கள். 80-இல் நின்றுகொண்டு ஏற மறுப்பதும் எப்போதும் கோளாறு ஆகாது. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக 80-இல் நிறுத்தி வைக்கும் வசதி ஏர்பாட்ஸ் போன்ற சிலவற்றில் உண்டு, செட்டிங்ஸில் அணைத்துக்கொள்ளலாம்.

‘400 இருக்கிற கேஸ், 40 இருக்கிற ரெண்டு பட்ஸ், அஞ்சு தடவை ஏறணுமே, மூணு தடவைதான் ஏறுது’ என்று கணக்கோடு வந்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கணக்கு சரி. ஆனால் கேஸ் தன் 3.7 வோல்ட்டை 5-ஆக ஏற்றித் தருகிறது, பட்ஸ் அதை மறுபடி இறக்கி வாங்குகிறது. இரண்டு பக்கமும் சூடாகக் கொஞ்சம் போய்விடும். மூன்றரை தடவை ஏறினால் நல்ல கேஸ்.

பட்ஸ் பேட்டரியை மாற்ற முடியுமா? உருண்டைப் பேட்டரி வைத்த மாடல்களில் முடியும், 1254 என்ற அளவு பரவலாகக் கிடைக்கிறது. 12 மில்லிமீட்டர் அகலம், 5.4 தடிமன் என்று பொருள். ஆனால் பட்ஸை ஒட்டி மூடியிருப்பார்கள். சூடு காட்டிப் பிரித்து, மயிரிழை ஒயரை ஈயம் வைத்து, திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு தண்ணீர் தாங்குகிற குணம் பழையபடி இருக்காது. விலை உயர்ந்த பட்ஸுக்குச் செய்து கொடுக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கியதென்றால் ‘வேண்டாம் விடுங்க’ என்று நானே சொல்லிவிடுவேன். வீட்டில் கத்தியால் நெம்பிப் பார்க்காதீர்கள். கத்தி நுனி பேட்டரியைக் குத்தினால் பட்ஸ் போவதோடு நிற்காது.

மழையில் நனைந்தது, துணியோடு துவைத்துவிட்டோம், கடலில் விழுந்தது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாரம் எனக்கு நனைந்த சாமான்தான் வேலை. அதில் ஒன்றைக் கவனித்தேன். நனைந்ததும் ‘வேலை செய்யுதா’ என்று சார்ஜில் போட்டுப் பார்த்தவர்களின் கேஸில் போர்டே கருகியிருந்தது. கரண்ட் இல்லாததால் சார்ஜில் போட முடியாமல் அப்படியே வைத்திருந்த ஒரு பாட்டியின் பேரனுடைய கேஸ், துடைத்து உலர்த்தியதும் எழுந்துகொண்டது. தண்ணீரைவிடத் தண்ணீரோடு சேர்ந்த கரண்ட்தான் கொல்கிறது.

ஆகவே நனைந்தால் சார்ஜில் போடாதீர்கள், மூடியையும் மூடாதீர்கள். பட்ஸை வெளியே எடுத்து, கேஸைக் கவிழ்த்து உதறி, துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பது பழைய வைத்தியம். அரிசி உறிஞ்சுவது கொஞ்சம், ஓட்டைக்குள் விடுகிற மாவு நிறைய. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு சேர்த்து வைத்திருந்தால் அது பரவாயில்லை.

கடல் தண்ணீர் என்றால் கணக்கு வேறு. தாழங்குடாவிலிருந்து ஒரு பெரியவர், மடியில் செருகியிருந்த கேஸோடு அலையில் இறங்கிவிட்டார். ‘நல்லா காய வெச்சுட்டேன் தம்பி, ரெண்டு நாள் ஓடிச்சு, அப்புறம் படுத்துடுச்சு.’ தண்ணீர் காய்ந்துவிட்டது, உப்பு காயுமா? உள்ளே இருந்துகொண்டு காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து அரித்துவிட்டது. கடல் தண்ணீர் புகுந்தால் உலர்த்திவிட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய், திறந்து ஐ.பி.ஏ.வில் கழுவச் சொல்லுங்கள்.

அட்டையில் ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருந்தால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி. இரண்டுமே நல்ல தண்ணீர்ச் சோதனை, அதுவும் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும். கேஸுக்கு அந்தப் பாதுகாப்பு பல மாடல்களில் கிடையாது.

கேஸ் சுடுகிறது, அல்லது உப்பியிருக்கிறது

இளஞ்சூடு பரவாயில்லை. கையில் வைக்க முடியாத சூடு என்றால் உடனே பிடுங்கிவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்திருந்து, வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட்டால் ஏறாமல் லைட் மட்டும் மினுக்கலாம். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் நல்ல கேஸ் தானே நிறுத்திக்கொள்ளும். ஆற விட்டுப் போடுங்கள்.

கேஸின் விளிம்பு பிளந்திருக்கிறது, மூடி பொருந்தவில்லை, மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். காலி பிஸ்கட் தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்திலோ சர்வீஸ் சென்டரிலோ சேர்த்துவிடுங்கள்.

வயர்லெஸ் பேடில் வைத்தால் மட்டும் ஏறவில்லை

கேஸில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு இருக்காது. இருந்தால், மேலுறையைக் கழற்றுங்கள். சாவிக் கொத்து வளையம் பேடின்மேல் படாமல் தள்ளுங்கள். கேஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி நடுவைக் கண்டுபிடியுங்கள். போனைவிடக் கேஸின் சுருள் சிறிது, ஒரு விரல் தள்ளி வைத்தாலே தவறிவிடும்.

வாரண்டி இருந்தால்

ஒரு வருடத்துக்குள் என்றால் என்னைப்போன்ற ஆளிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள், பிரித்த தடம் தெரிந்தால் வாரண்டி போச்சு. வெளியே துடைப்பதில் தப்பில்லை. பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பத் தாள் பில் நம் ஊர் புழுக்கத்தில் ஒரு வருடத்துக்குள் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஏறாத காட்சியையும் வீடியோ எடுங்கள், கவுன்ட்டரில் கொடுக்கும்போது பார்த்து ஒழுங்காக ஏறித் தொலைக்கும். காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரு பக்கம் மட்டும் புதிதாக வாங்கினவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புதுப் பட்ஸ் ஏறும், லைட் எரியும், ஆனால் பாடாது. ‘டூப்ளிகேட் குடுத்துட்டாங்க’ என்று சண்டைக்குக் கிளம்புவதற்கு முன், போனின் புளூடூத் பட்டியலிலிருந்து பழைய பெயரை நீக்குங்கள். இரண்டு பட்ஸையும் கேஸில் உட்கார வைத்து, மூடியைத் திறந்தபடி, கேஸில் இருக்கிற பொத்தானை லைட் வேறு மாதிரி மினுக்கும் வரை 10 முதல் 15 வினாடி பிடியுங்கள். பொத்தான் இல்லாத மாடலில் பட்ஸின் தொடும் பகுதியை அப்படிப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு ஜோடி சேரும். வேறு மாடல் பட்ஸ் என்றால் எத்தனை முறை பிடித்தாலும் சேராது. அதனால் வாங்கப் போகும்போதே பழைய பட்ஸைக் கையோடு எடுத்துப்போய், தண்டில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் காட்டி வாங்குங்கள்.